வளைகோல் வேந்தரும் வலப்பக்கத் துணையும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவன்

ஓர் அணியில் பதினொருவர் ஆடுகின்றனர். ஆனால் ஊர் நினைவில் வைத்துக்கொள்வது ஒருவரை மட்டுமே. மற்றப் பத்துப் பேரும் அந்த ஒருவரின் புகழ் நிழலில் மறைந்து போகின்றனர். வளைகோல் பந்தாட்டம் என்று சொன்னவுடன் தியான் சந்த் என்னும் பெயர் நம் நாவில் வந்து நிற்பதும் இந்த உலக வழக்கப்படியே. அவர் அடித்த கோல்களை எண்ணிக் காட்டும் கட்டுரைகள் பல வந்திருக்கின்றன. நான் இங்கே சொல்ல வந்தது வேறு. உலகமே வியந்த அந்த வீரர், தம் வலப்பக்கத்தில் தக்க துணை ஒருவர் இல்லையே என்று உறக்கமின்றித் தவித்த ஓர் இரவு உண்டு. அந்த இரவையும், அதற்கு முன்னும் பின்னும் அவர் வாழ்ந்த வாழ்வையுமே என் கல்லூரி நண்பர்களுக்கு எடுத்துக் கூற விழைகின்றேன்.

இதை எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. நம் கல்லூரிக் கைப்பந்து அணியில் நான் வலையருகே எழும்பிப் பந்தை அடிப்பவனாக இருந்தேன். இவ்வாண்டுத் தொடக்கத்தில் உடற்கல்வி இயக்குநர் ஐயா என்னை அழைத்து, இனி நீ அடிக்க வேண்டாம், அடிப்பவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடு என்று சொல்லிவிட்டார். எனக்கு முகம் வாடிவிட்டது. எங்கள் ஊர்த் திடலில் பந்து யாருடையதோ அவரே அடிப்பார். தூக்கிக் கொடுப்பது மற்றவர் வேலை. அப்படியிருக்க, நன்றாக அடிக்கத் தெரிந்த என்னை இப்படித் தாழ்த்தலாமா என்று மனம் குமைந்தது. இரண்டு நாள் திடல் பக்கமே போகவில்லை. அந்த மாலைப் பொழுதுகளை நூலகத்தில் கழித்தபோதுதான் தியான் சந்தின் வாழ்க்கை என் கையில் கிடைத்தது.

சிப்பாயின் பிள்ளை

தியான் சந்த் 1905ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள் அலகாபாத்தில் பிறந்தார். தந்தையார் இராணுவத்தில் பணியாற்றியவர். அவரும் வளைகோல் ஆடியவரே. இராணுவ வேலை என்றால் இன்று ஓர் ஊர், நாளை ஓர் ஊர். அதனால் பிள்ளையின் படிப்பு ஆறு வகுப்போடு நின்றுபோயிற்று. குடும்பம் முடிவில் ஜான்சி நகரில் நிலைகொண்டது. இளமையில் அவருக்கு ஆட்டத்தில் பெரிய நாட்டம் இருந்ததில்லை. 1922ஆம் ஆண்டு, தம் பதினேழாம் வயதில், சாதாரணச் சிப்பாயாகப் படையில் சேர்ந்த பிறகே வளைகோலை ஒழுங்காகக் கையில் பிடித்தார். பாலே திவாரி என்னும் படை அதிகாரி அவருக்கு ஆட்டத்தின் அரிச்சுவடியைக் கற்பித்தார். பகலெல்லாம் பணி இருந்தமையால் நிலவு வெளிச்சத்தில் பயிற்சி செய்வாராம். சந்த் என்றால் நிலவு. அப்பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டதற்கு அந்த நிலாக்காலப் பயிற்சியே காரணம் என்பர்.

1926இல் இந்திய இராணுவ அணி நியூசிலாந்துக்குச் சென்றது. 21 ஆட்டங்களில் 18 வெற்றி, 2 சமன், 1 தோல்வி. திரும்பி வந்த தியான் சந்துக்குக் கிடைத்த பரிசு லான்ஸ் நாயக் என்னும் சிறு பதவி உயர்வு. அவர் அதையே பெரிதாக எண்ணி மகிழ்ந்தார்.

ஆம்ஸ்டர்டாமும் லாஸ் ஏஞ்சல்ஸும்

1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் போட்டிக்கு இந்தியா முதன்முறையாக வளைகோல் அணியை அனுப்பியது. சோட்டா நாகபுரிப் பழங்குடி மக்களில் தோன்றி, ஆக்ஸ்போர்டில் பயின்ற ஜெய்பால் சிங் அணித்தலைவர். ஆனால் இறுதி ஆட்டத்தில் அவர் களத்தில் இல்லை. காயத்தாலும் நோயாலும் வேறு சிலரும் படுத்துவிட்டனர். தியான் சந்துக்கும் காய்ச்சல். இருப்பவர்களை வைத்துக்கொண்டு இடத்தை நிரப்பி ஆடிய அணி, நெதர்லாந்தை 3-0 என வென்றது. ஐந்து ஆட்டங்களில் இந்தியா 29 கோல் அடித்தது. ஒரு கோலும் வாங்கவில்லை. 29இல் 14 தியான் சந்த் அடித்தவை.

1932இல் லாஸ் ஏஞ்சல்ஸ். இம்முறை தம்பி ரூப் சிங்கும் அணியில் இடம்பெற்றார். நல்ல உடைகள் இல்லாமல் வெளிநாடு செல்லத் தம்பி தயங்கியதாகவும், அண்ணன் தம் கைப்பணத்தில் துணி வாங்கித் தந்து அழைத்துச் சென்றதாகவும் கூறுவர். அங்கே அமெரிக்காவை இந்தியா 24-1 என வென்றது. அதில் ரூப் சிங் 10, தியான் சந்த் 8. ஜப்பானோடு ஆடிய ஆட்டத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் தம்பி 13, அண்ணன் 12.

நண்பர்களே, இந்தக் கணக்கைச் சற்று நின்று பாருங்கள். உலகின் தலைசிறந்த நடு முன்னணி வீரரைவிட அவருக்கு இடப்பக்கம் நின்றவர் ஒரு கோல் கூடுதலாக அடித்திருக்கிறார். இது எப்படி நேர்ந்தது? அக்காலத்து முறைப்படி முன்வரிசையில் ஐவர் நிற்பர். இரு ஓரங்களில் இருவர், நடுவில் ஒருவர், நடுவருக்கும் ஓரத்தாருக்கும் இடையே வலது உள்ளும் இடது உள்ளுமாக இருவர். நடுவில் நிற்பவரைச் சுற்றியே எதிரணிக் காவல் அனைத்தும் குவியும். அப்போது அவர் தாமே அடிக்க முயன்றால் பந்து பறிபோகும். காவல் தம் மீது குவிந்த அதே நொடியில் பக்கத்தில் உள்ளவருக்குப் பந்தைத் தள்ளிவிட்டால் அங்கே வழி திறந்திருக்கும். தியான் சந்தின் மந்திரம் இதுவே. அவர் கோலில் பந்து ஒட்டிக்கொண்டது என்று உலகம் பேசியது. அது கோலைவிட்டு எப்போது பிரிய வேண்டும் என்பதையும் அவர் நன்கு அறிந்திருந்தார்.

ஆகவே இருபக்கத் துணையும் செம்மையாக இருந்தால்தான் நடுவில் நிற்பவர் சிறக்க முடியும். அதிலும் இந்த உள் ஆட்டக்காரரின் பணி கடினமானது. பின்னே இறங்கி வந்து நடுவரிசையினரிடம் பந்தை வாங்க வேண்டும். மறுகணமே முன்னே ஓடிக் கோல் அருகில் நிற்க வேண்டும். அவர் வலுவற்றவர் என்று தெரிந்துவிட்டால், எதிரணியினர் அவரைப் பொருட்படுத்தாமல் விட்டுவிட்டு இருவராகச் சேர்ந்து நடுவரை நெருக்குவர்.

உறங்காத இரவு

1935இல் தியான் சந்த் தலைமையில் இந்திய அணி நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் சுற்றுப்பயணம் செய்தது. 48 ஆட்டங்களில் 584 கோல்கள். அவற்றில் 201 தலைவருடையவை. இத்தகைய அணி 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கிற்குப் புறப்பட்டபோது யாருக்கும் ஐயம் இருந்திருக்காது. ஆனால் புறப்படும் முன்பே டெல்லியில் ஓர் உள்ளூர் அணியிடம் 1-4 எனத் தோற்றது. ஏதோ ஒருநாள் பிசகு என்று ஆறுதல் கொண்டு ஜூன் மாத இறுதியில் கப்பலேறினர். ஜூலை 17ஆம் நாள் ஜெர்மனியோடு ஒரு பயிற்சி ஆட்டம். அதிலும் 1-4. சொந்த மண்ணில் நேர்ந்த அதே கணக்கு அயல் மண்ணிலும் நேர்ந்தது.

அன்றிரவு அணியில் சிலர் உணவே உண்ணவில்லை. தலைவருக்கும் உறக்கம் வரவில்லை. பின்னாளில் அவரே தம் வரலாற்றில் இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். 

அந்த இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? தரை சரியில்லை, பயணக் களைப்பு தீரவில்லை, நாளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சமாதானம் சொல்லியிருப்பார். புகழின் உச்சியில் இருந்தவருக்கு அப்படிச் சொல்ல உரிமையும் இருந்தது. தியான் சந்த் அவ்வாறு செய்யவில்லை. முன்வரிசையில் வலது உள் இடம் பழுதாக இருக்கிறது, அங்கே தாம் மட்டும் எவ்வளவு ஓடினாலும் பயனில்லை, இந்தியாவிலிருந்து ஆள் வர வேண்டும் என்னும் முடிவுக்கு அணியினர் வந்தனர். இந்தியாவுக்குத் தந்தி பறந்தது. அழைக்கப்பட்டவர் அலி இக்திதார் ஷா தாரா. லயால்பூரில் பிறந்த இருபத்தொரு வயது இளைஞர். முதலில் புறப்பட்ட அணியில் அவர் பெயர் இல்லை. கப்பலில் வந்தால் போட்டியே முடிந்துவிடும். ஆகையால் வான்வழியே வரவழைத்தனர். விமானப் பயணம் பெருஞ்செல்வர்க்கும் அரிதாக இருந்த காலம் அது. ஒரே ஓர் இடத்தை நிரப்ப அவ்வளவு செலவும் அவ்வளவு முயற்சியும்!

தாரா வரும்வரை அணி காத்திருக்கவில்லை. இருந்தவர்களைக் கொண்டே ஹங்கேரியை 4-0, அமெரிக்காவை 7-0, ஜப்பானை 9-0 என வென்றது. இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. மூன்று ஆட்டங்களில் 20 கோல் அடித்துவிட்ட பிறகு, ஓடுகின்ற மாட்டை மாற்றிக் கட்டுவது அறிவுடைமையா? பலர் வேண்டாம் என்றே சொல்லியிருப்பர். ஆனால் எளிய எதிரிகளோடு பழுது தெரியாது. வலிய எதிரியோடு ஆடும்போதே அது வெளிப்படும் என்பதை ஜூலை 17 அவர்களுக்குக் கற்பித்திருந்தது. அரையிறுதியில் பிரான்சுக்கு எதிராகத் தாரா இறங்கினார். 10-0 என வெற்றி.

இறுதி ஆட்டம் மழையால் ஒருநாள் தள்ளி, ஆகஸ்ட் 15ஆம் நாள் நடந்தது. எதிரே அதே ஜெர்மனி. ஆட்டத்துக்கு முன் உடைமாற்றும் அறையில் மூவண்ணக் கொடிக்கு வீரர்கள் வணக்கம் செலுத்தினர். அன்று நம் நாடு அடிமை நாடு. சரியாகப் பதினோராண்டு கழித்து அதே தேதியில் விடுதலை வரப்போகிறது என்று அந்த அறையில் யாருக்குத் தெரியும்? இடைவேளை வரை இந்தியா அடித்தது ஒரே கோல். ஈரத்தரை காலை வழுக்கியது. இடைவேளைக்குப் பின் தியான் சந்த் காலணியைக் கழற்றிவிட்டு ஆடினார் என்பர். முடிவு 8-1. தலைவரும் கோல் அடித்தார். தம்பி ரூப் சிங்கும் அடித்தார். வானில் பறந்து வந்த தாராவும் அடித்தார். ஐந்து ஆட்டங்களில் 38 கோல் அடித்து, வாங்கியது ஒன்றே ஒன்று.

அன்று களமிறங்கிய பதினொருவரின் பெயர்களைப் படித்துப் பாருங்கள். கோல் காப்பவர் ஆலன். பின்வரிசையில் டாப்செல், உசேன். நடுவரிசையில் நிம்மல், கல்லன், காலிபார்டி. முன்வரிசையில் சகாபுதீன், தாரா, தியான் சந்த், ரூப் சிங், ஜாஃபர். இந்துவும் முஸ்லிமும் ஆங்கிலோ இந்தியரும் கலந்து நின்றனர். இன்னார் மகன் என்பதைக் கொண்டு பந்து வேகம் கூட்டுவதோ குறைப்பதோ இல்லை. வள்ளுவப் பெருந்தகை தெரிந்து வினையாடல் என்று ஓர் அதிகாரமே வகுத்து, ஆளை அறிந்து வேலையை ஒப்படைக்கும் நெறியைக் கூறினார். மன்னர்க்குச் சொன்ன அந்நெறி ஆடுகளத்துக்கும் பொருந்தும்.

பட்டியலில் இல்லாத இருவர்

இத்தனை பெயர்களுக்கிடையே என் மனம் வேறிரண்டு பெயர்களைத் தேடுகிறது.

ஒருவர் நம் தமிழ்நாட்டவர். செங்கற்பட்டுப் பகுதியில் மொறப்பாக்கத்தில் 1909இல் பிறந்த எம்.ஜே. கோபாலன். 1934இல் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசிய பெருமைக்குரியவர். 1935இல் தியான் சந்த் அணியில் நியூசிலாந்து சென்று வளைகோலும் ஆடியவர். 1936இல் அவர் முன் இரு வழிகள் இருந்தன. ஒன்று பெர்லினுக்குப் போகும் வளைகோல் வழி. மற்றொன்று இங்கிலாந்துக்குப் போகும் கிரிக்கெட் வழி. அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். இங்கிலாந்தில் ஒரு டெஸ்ட் ஆட்டத்திலும் அவரை இறக்கவில்லை. பெர்லினில் தோழர்கள் தங்கம் பெற்றனர். தமக்குரிய இடம் எது என்பதைத் தாமே தீர்மானிக்கும் வாய்ப்புப் பெற்றவர்க்கும் அத்தீர்மானம் எளிதாக இருப்பதில்லை என்பதற்கு அவர் வாழ்வு ஒரு சான்று.

மற்றொருவர் வங்காளத்து லயனல் எம்மெட். பெர்லினுக்குக் கப்பலில் சென்ற முன்னணி ஆட்டக்காரர்களில் ஒருவர். தங்கம் வென்ற அணியில் அவர் பெயரும் உண்டு. ஆனால் இறுதி ஆட்டத்தன்று அவர் களத்துக்கு வெளியே. கடல் கடந்து வந்து, பயிற்சி செய்து, வெற்றியில் பங்கு பெற்று, கடைசியில் வானிலிருந்து இறங்கியவருக்காக ஒதுங்கி நின்றவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! இதை எந்தப் பக்கத்திலும் நான் படிக்கவில்லை. ஆனால் இரண்டு நாள் திடல் பக்கம் போகாமல் இருந்த எனக்கு அது ஓரளவு விளங்கியது. தாராவை அழைத்த முடிவு சரியானதே. சரியான முடிவும் ஒருவருக்கு வலி தரக்கூடும். அந்த வலியை அணியின் வெற்றிக்குள் அடக்கிக்கொள்பவரையும் வீரர் என்றே சொல்ல வேண்டும்.

மாலைக் காலம்

பெர்லினுக்குப் பின் இரண்டாம் உலகப்போர் மூண்டது. 1940, 1944 ஒலிம்பிக் போட்டிகள் நடைபெறவில்லை. தியான் சந்தின் சிறந்த ஆண்டுகள் சில அவ்வாறு கழிந்தன. 1947இல் நாடு இரண்டானபோது வலது உள்ளும் நடுவும் வெவ்வேறு நாட்டவர் ஆயினர். 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் பாகிஸ்தான் அணிக்குத் தலைமை ஏற்றுவந்தவர் அதே தாரா! பெர்லினில் தோளோடு தோள் நின்றவர்களை எல்லைக்கோடு பிரித்துவிட்டது.

தியான் சந்த் தம் வாழ்க்கை வரலாற்றைக் கோல் என்னும் பெயரில் எழுதினார். 1952இல் அந்நூலை வெளியிட்டது நம் சென்னை நகரத்துப் பதிப்பகம் என்பது நமக்குப் பெருமை. 1956இல் பத்மபூஷண் விருது பெற்றார். அவ்வாண்டே படைப்பணியிலிருந்து ஓய்வும் பெற்றார். பின்னர் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் தலைமைப் பயிற்சியாளராகப் பணிபுரிந்தார். இறுதிக்காலம் பொருள் நெருக்கடியில் கழிந்தது. 1975 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் வெற்றிக் கோலை அடித்து இந்தியாவுக்குக் கோப்பை பெற்றுத் தந்தவர் அவர் மகன் அசோக் குமார். அந்த மகிழ்வைக் கண்ட பின், 1979 டிசம்பர் 3ஆம் நாள் டெல்லி மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. ஜான்சியில், அவர் ஆடிய திடலிலேயே, படை மரியாதையோடு உடல் எரியூட்டப்பட்டது. இன்று அவர் பிறந்த நாளைத் தேசிய விளையாட்டு நாளாகக் கொண்டாடுகிறோம். நாட்டின் உயர்ந்த விளையாட்டு விருதும் 2021 முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

மடை மாற்றுபவர்

என் தந்தை அமராவதி வாய்க்கால் பாசனத்தில் பிறர் வயலுக்குத் தண்ணீர் கட்டும் வேலை செய்பவர். இரவு முறை வந்தால் மண்வெட்டியோடு வரப்பில் நிற்பார். எந்த வயல் நிறைந்தது, எதற்கு இன்னும் வேண்டும் என்று பார்த்து மடை மாற்றிக்கொண்டே இருப்பார். அறுவடை நாளில் நெல்லைப் பார்த்துக் களத்துக்காரரைப் புகழ்வார்கள். மடை மாற்றியவரை யாரும் கேட்பதில்லை. அதற்காக அவர் ஒருநாளும் வரப்பைவிட்டு வந்ததில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். புத்தகத்தில் பெர்லினைப் படித்த பிறகுதான் எங்கள் வரப்பு எனக்குத் தெரிந்தது.

மூன்றாம் நாள் மாலை திடலுக்குப் போனேன். ஐயா ஒன்றும் கேட்கவில்லை. பந்தை மட்டும் என் பக்கம் எறிந்தார். முதல் வாரம் என் தூக்கல் ஒன்றுகூட ஒழுங்காக அமையவில்லை. உயரம் கூடும், இல்லாவிட்டால் வலையில் ஒட்டும். அடிக்க எழும்பிய தோழர்கள் வெறுங்கையோடு இறங்கினார்கள். அடிப்பது எளிது, அடிக்க வைப்பது அரிது என்பதை அன்று உணர்ந்தேன். இவ்வாண்டுக் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் நம் அணி இரண்டாம் சுற்றில் தோற்றது. அதற்கு முந்தைய சுற்றின் கடைசிப் புள்ளிக்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்தவன் நான். கைதட்டல் அடித்தவனுக்குப் போயிற்று. அவனோ ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டான்.

நண்பர்களே! எனக்கு எந்த இடம் வேண்டும் என்று கேட்கும் வயது நம் வயது. அந்தக் கேள்வி தவறன்று. ஆனால் அதனோடு, எந்த இடம் காலியாக இருக்கிறது என்னும் கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். உலகம் போற்றிய தியான் சந்தே தம் பக்கத்திலுள்ள காலியிடத்தைக் கண்டு உறக்கம் இழந்தார் என்றால், நாம் அதைக் கேட்பதில் இழுக்கு ஏது?